பிசிபி டீமுக்கு கிளவுட்: முதலில் பேனா யார் கையில் என்று முடிவு செய்யுங்கள்

பிசிபி, அதாவது எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு, டிசைன் செய்யும் பல டீம்களில் இப்போதும் நடப்பது இதுதான்: ஷேர்டு ஃபோல்டரில் போர்டு ஃபைலைப் போட்டுவிட்டு மூன்று பேர் திறந்து வைத்துக்கொள்வார்கள், கடைசியாக சேவ் செய்தவர் ஜெயிப்பார், மற்ற இருவரின் அரை நாள் உழைப்பு இன்னொரு பெயரில் நகலாக ஓரத்தில் கிடக்கும். அப்புறம் நொந்துபோய் நல்ல கிளவுட் டூல் ஒன்று வாங்கிவிடலாம் என்று கிளம்புவார்கள். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் யார் எந்த நேரத்தில் எதைத் தொடலாம் என்று பேசி வைக்காத டீமுக்கு எந்த டூல் வந்தாலும் அதே சண்டைதான்.

சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் ஒரே ஃபைலில் இரண்டு பேர் வேலை செய்து பிறகு இருவரின் மாற்றங்களையும் ஒன்றாக மெர்ஜ் செய்துகொள்வார்கள். லேஅவுட்டில், அதாவது போர்டில் பாகங்களையும் செம்புத் தடங்களையும் வைக்கும் வரைபடத்தில், அது நடக்காது. கிகேட் என்ற பிசிபி டிசைன் சாஃப்ட்வேரின் ஃபைல்கள் எழுத்து வடிவத்தில் இருப்பதால் கிட்டில் (ஃபைல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் டூல்) வைப்பது சுலபம் என்பது உண்மைதான், ஆனால் ஒரு டிராக்கை (செம்புத் தடத்தை) கொஞ்சம் நகர்த்தி காப்பர் ஜோனை (செம்பு நிரப்பும் பகுதியை) மறுபடி நிரப்பினாலே நூற்றுக்கணக்கான எண்கள் மாறிவிடும். இரண்டு பேரின் மாற்றங்களை கிட் ஒட்டிக் கொடுத்தாலும், அந்த ஃபைல் திறக்கும், பார்க்க நன்றாகவும் இருக்கும், ஆனால் உள்ளே இரண்டு நெட்கள் (தனித்தனியாக இருக்க வேண்டிய மின் இணைப்புகள்) ஒன்றின் மேல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம். அதனால் லேஅவுட்டுக்கு ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் பேனா. சும்மா பார்க்கத் திறந்தவர் பி பட்டனைத் தட்டி ஜோனை நிரப்பி சேவ் செய்தாலும் ஃபைல் மாறிவிடும், ஆகவே பார்ப்பவர்கள் சேவ் பக்கமே போகக் கூடாது.

ஸ்கீமாட்டிக் (சர்க்யூட் வரைபடம்) அப்படியில்லை, அதைப் பிரிக்கலாம். பவர் ஒரு ஷீட், கன்ட்ரோலர் ஒரு ஷீட், ரேடியோ ஒரு ஷீட் என்று ஹைரார்க்கிகல் ஷீட்களாக உடைத்தால் கிகேட்டில் ஒவ்வொன்றும் தனி ஃபைல், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். தகராறு வருவது ஒவ்வொரு பாகத்துக்கும் கொடுக்கும் ரெஃபரன்ஸ் எண்ணில்: இரண்டு பேருமே ஆர்12 போட்டிருப்பார்கள். அனோட்டேஷன் (பாகங்களுக்குத் தானாக எண் போடுவது) செய்யும்போது ஷீட் எண்ணை 100-ஆல் பெருக்கி அதற்கு அடுத்த எண்ணிலிருந்து ஆரம்பிக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது, முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். ஆர்305 என்றாலே மூன்றாவது ஷீட் என்று தெரிந்துவிடும், பிறகு சோதனை மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது உதவும்.

சரி, எந்த டூல்? கிகேட் என்றால் கிட் ஃபைல்களை ஆன்லைனில் வைக்கும் கிட்ஹப் அல்லது கிட்லேப் போதும், தனியாக எதுவும் வேண்டாம். ஆல்டியம் டிசைன் சாஃப்ட்வேர் என்றால் அதன் கிளவுட் சேவையான ஆல்டியம் 365. பிரவுசரிலேயே ஸ்கீமாட்டிக்கையும் போர்டையும் திறந்து குறிப்பிட்ட இடத்திலேயே கருத்தைப் பதியலாம், டிசைன் சாஃப்ட்வேர் இல்லாத மெக்கானிக்கல் ஆளும் பர்ச்சேஸ் ஆளும் பார்க்கலாம், அதற்காகவே அது பிடிக்கும். ஒரே லேஅவுட்டில் பலர் ஒரே நேரத்தில் ரூட்டிங் (தடங்கள் போடுவது) செய்தே ஆக வேண்டும் என்றால் சீமென்ஸின் எக்ஸ்பெடிஷன், கேடன்ஸின் அலெக்ரோ பக்கம் போக வேண்டும், ஆனால் அது பெரிய போர்டு, பெரிய டீமுக்கான சமாச்சாரம். முழுக்க பிரவுசரில் ஓடும் ஃப்ளக்ஸ், ஈஸிஈடிஏ போன்றவை சின்ன வேலைக்கு வேகமானவை. ஆட்டோடெஸ்க்கின் பிசிபி டூலான ஈகிளில் இருப்பவர்கள் புதிதாக எதையும் அதில் ஆரம்பிக்காதீர்கள், 2026 ஜூன் 7-உடன் நிறுத்துவதாக ஆட்டோடெஸ்க் எப்போதோ அறிவித்துவிட்டது.

கிட் வழியில் போகிறவர்களுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஒரு போர்டுக்கு ஒரு ரெப்போ (கிட் கண்காணிக்கும் புராஜெக்ட் ஃபோல்டர்). ஒவ்வொருவரின் திரை அமைப்பைச் சேமிக்கும் பிஆர்எல் ஃபைல், ஃபுட்பிரிண்ட் (போர்டில் ஒரு பாகம் உட்காரும் பேட்களின் அமைப்பு) கேஷ், பேக்கப் ஃபோல்டர் எல்லாவற்றையும் கிட் கண்டுகொள்ளக் கூடாத இக்னோர் பட்டியலில் போடுங்கள், இல்லையென்றால் யாரும் எதையும் மாற்றாமலே தினமும் மாற்றம் காட்டும். பாகங்களின் குறியீடுகளும் ஃபுட்பிரிண்ட்களும் இருக்கும் லைப்ரரிக்கான பாதை புராஜெக்ட் ஃபோல்டரிலிருந்தே தொடங்க வேண்டும், யாருடைய லேப்டாப்பின் டெஸ்க்டாப்பும் அதில் வரக் கூடாது. 3டி மாடல்களை, பெரிய ஃபைல்களுக்கான கிட் வசதியான எல்எஃப்எஸ்ஸில் வையுங்கள். போர்டு ஃபைலை அதே எல்எஃப்எஸ்ஸின் லாக்கபிள் பட்டியலில் சேர்த்துவிட்டால், லாக் எடுக்காதவர் கணினியில் அது ரீட் ஒன்லியாகவே இருக்கும். மேலே சொன்ன பேனா விதியை வாய்ச்சொல்லில் விடாமல் கம்ப்யூட்டரே காவல் காக்கும். லாக் எடுத்தவர் லீவில் போய்விட்டால் யார் உடைத்து எடுக்கலாம் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள், நடக்கும்.

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டியது லைப்ரரியில். எங்கள் டீமில் ஒருமுறை ஆளுக்கொரு லைப்ரரி வைத்திருந்தோம், ஒரே கனெக்டருக்கு இரண்டு ஃபுட்பிரிண்ட், அதில் ஒன்றில் பின் வரிசை கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருந்தது. போர்டு கைக்கு வந்து கேபிளைச் செருகிய பிறகுதான் தெரிந்தது. இப்போது பொது லைப்ரரி ஒன்றுதான், புது பாகம் சேர்த்தால் இன்னொருவர் டேட்டாஷீட்டைப் பக்கத்தில் வைத்து ஒன்றாம் பின் எங்கே, பேட் அளவு என்ன, தயாரிப்பாளரின் முழு பார்ட் நம்பர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே போகும். சின்ன சிப் பாகங்களின் அளவுக் குறியீட்டை விசேஷமாகப் பாருங்கள்: அங்குலக் கணக்கில் 0402 என்பது 1.0 x 0.5 மி.மீ., மெட்ரிக் கணக்கில் அதே 0402 என்பது 0.4 x 0.2 மி.மீ. ஒருவர் ஒரு கணக்கிலும் இன்னொருவர் வேறு கணக்கிலும் பெயர் வைத்தால் கதை முடிந்தது. பெயரிலேயே மெட்ரிக் என்று எழுதிவிடுங்கள்.

ரிவ்யூவை இரண்டாகப் பிரியுங்கள். ஸ்கீமாட்டிக் முடிந்து ஒப்புதல் வந்த பிறகுதான் லேஅவுட் தொடங்க வேண்டும், எல்லாவற்றையும் கடைசியில் ஒரே கூட்டத்தில் பார்த்தால் யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். "பவர் பகுதி சரியில்லை" என்று சாட்டில் எழுதுவது கருத்தே அல்ல, சி14-க்கும் ரெகுலேட்டருக்கும் இடையே தூரம் அதிகம் என்று அந்த இடத்திலேயே பதிய வேண்டும், சரிசெய்தவர் அதை மூட வேண்டும். இஆர்சி (ஸ்கீமாட்டிக்கின் மின் விதிச் சோதனை), டிஆர்சி (லேஅவுட்டின் டிசைன் விதிச் சோதனை) இரண்டையும் மனிதர் ஞாபகத்துக்கு விடாதீர்கள். கிகேட் 8-லிருந்து இரண்டையும் கமாண்ட் லைனிலேயே ஓட்டலாம், ஒவ்வொரு புஷ்ஷுக்கும் (மாற்றத்தை சர்வருக்கு அனுப்பும்போதும்) தானாக ஓடும்படியும், தேறாவிட்டால் மெர்ஜைத் தடுக்கும்படியும் வைத்துவிட்டால் பிழை இருக்கும் கிளை முக்கியக் கிளையான மெயினுக்குள் நுழையாது. மெக்கானிக்கல் ஆளுக்கு ஒவ்வொரு மைல்கல்லிலும் ஸ்டெப் ஃபைல் (போர்டின் 3டி வடிவம்) போக வேண்டும், கனெக்டர் நகர்ந்தால் அன்றே சொல்ல வேண்டும்.

ஃபேப்ரிகேஷனுக்கு அனுப்புவதில்தான் பணம் போகும். அனுப்பப்போகும் கமிட்டுக்கு (கிட்டில் பதிந்த நிலைக்கு) டேக் என்ற பெயர்ச்சீட்டைப் போடுங்கள், அந்த டேக்கிலிருந்து மட்டும் கெர்பர் (போர்டு அடுக்குகளின் படம்), ட்ரில் (துளைகள்), பிக் அண்ட் பிளேஸ் (பாகங்கள் உட்காரும் இடம்), பிஓஎம் என்ற பாம் (பாகங்களின் பட்டியல்) நான்கையும் ஒன்றாக உருவாக்கி ஒரே ஜிப்பில் வையுங்கள், அதன் பிறகு அதை யாரும் தொடக் கூடாது. கெர்பர் நேற்றையது, பாம் இன்றையது என்று கலந்துவிட்டால் பாகம் ஒன்று, பேட் ஒன்று என்று வரும். ரிவிஷன் எழுத்து போர்டின் சில்க்ஸ்கிரீனிலும் (மேலே அச்சிடும் எழுத்துகளில்) இருக்கட்டும், மேசையில் கிடக்கும் போர்டு எந்த டேக் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். ஃபைனல் என்ற சொல்லை ஃபைல் பெயரில் தடை செய்துவிடுங்கள். மெயிலில் இணைத்து அனுப்பாமல் பார்க்க மட்டும் அனுமதியுள்ள லிங்க் அனுப்பினால், பழைய இணைப்பு யாருடைய இன்பாக்ஸிலோ கிடந்து மறுபடி உயிர்பெறாது.

அனுமதி விஷயம் சுருக்கமாக: வெளியாட்களுக்கு அவர்கள் வேலை செய்யும் ரெப்போ மட்டும், வேலை முடிந்த நாளில் எடுத்துவிடுங்கள். வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் டேட்டா எந்த நாட்டு சர்வரில் இருக்கலாம் என்று நிபந்தனை இருந்தால் டூலைத் தேர்வு செய்வதற்கு முன்பே அதைப் படியுங்கள், பிறகு மாற்றுவது நரகம். சந்தா நின்றாலும் டிசைன் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதால் மாதம் ஒருமுறை முழு எக்ஸ்போர்ட் எடுத்து வெளியே வையுங்கள், வைத்தால் மட்டும் போதாது, டூல் மட்டும் நிறுவிய வேறொரு கணினியில் அதை இறக்கி போர்டு திறக்கிறதா, லைப்ரரி எதுவும் காணவில்லை என்று சிவப்பில் கத்துகிறதா என்று பாருங்கள். முதல் தடவை நிச்சயம் கத்தும்.