மூன்று எலிசபெத்துகளைப் பிரிப்பது எப்படி: டி பர்க் குடும்பத்துக்குக் கொடிவழி வரைதல்

ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸின் இரண்டாம் மனைவி அயர்லாந்தைச் சேர்ந்த எலிசபெத் டி பர்க் என்று எங்கோ படித்த ஒரு வரிதான் என்னை இந்த வேலையில் இறக்கிவிட்டது. அவர் யார் மகள், அந்தக் குடும்பம் அயர்லாந்துக்கு எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம், ஒரு மாலைப்பொழுது போதும் என்று எண்ணித் தொடங்கினேன். நான்கு மாதம் ஆயிற்று. அதில் மூன்று வாரங்கள் ஒரே ஒரு பெயர்க்குழப்பத்தில் கரைந்துபோயின. அந்த மூன்று வாரங்கள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நார்மன் வழிவந்தோர் 1169-இல் அயர்லாந்தில் கால் வைத்த கதை உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: எங்கிருந்து தொடங்குவது

குடும்பத்தின் மூலவரிடமிருந்து கீழே இறங்கி வர வேண்டாம். நன்கு சான்றுள்ள பிற்கால மனிதர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏறுங்கள். டி பர்க் குடும்பத்தில் அதற்கு ஏற்றவர் 1332-இல் பிறந்து 1363-இல் டப்ளினில் இறந்த, வட அயர்லாந்துப் பகுதியான அல்ஸ்டரின் சீமாட்டி எலிசபெத். இவர் மூன்றாம் எட்வர்டின் மகன் லயனலை மணந்தவர். ஆகவே அரசகுலப் பதிவுகள் இவரை நன்றாகத் தாங்கி நிற்கின்றன. இவருடைய மகள் பிலிப்பா மார்ட்டிமர் குடும்பத்துக்கு மருமகளாகப் போனார். பிலிப்பாவின் மகன் ரோஜர், ரோஜரின் மகள் ஆன், ஆனின் மகன் யார்க் கோமகன் ரிச்சர்ட், அவருடைய மகன் நான்காம் எட்வர்ட் என்று அந்தக் கிளை 1461-இல் அரியணை ஏறியபோது, அல்ஸ்டர் ஏர்ல் பட்டமும் இங்கிலாந்து முடியோடு கலந்துவிட்டது. இந்தக் கீழ்ப்பகுதியில் சிக்கல் ஏதுமில்லை.

மேலே ஏறும்போது கிடைக்கும் வரிசை இது: எலிசபெத்தின் தந்தை 'டான்' எனப்பட்ட வில்லியம், 1333-இல் கொல்லப்பட்டவர், அவருடைய தந்தை ஜான், 1313-இல் இறந்தவர், அவருடைய தந்தை 'செந்நிற ஏர்ல்' எனப்பட்ட ரிச்சர்ட் ஓக், 1326-இல் இறந்தவர், அவருடைய தந்தை அல்ஸ்டரின் ஏர்லான வால்டர், 1271, அவருடைய தந்தை மேற்கு அயர்லாந்தின் கொனாக்டை வென்ற ரிச்சர்ட் மோர், 1243, அவருடைய தந்தை 1185-இல் இளவரசர் ஜானோடு அயர்லாந்து வந்த வில்லியம், 1205-06 குளிர்காலத்தில் இறந்தவர். ஏழு பெயர்களையும் ஒரு தாளில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். மை வேண்டாம்.

'மோர்' என்றால் பெரிய, 'ஓக்' என்றால் இளைய, 'டான்' என்றால் பழுப்பு நிறத்தவர். அயர்லாந்தின் பூர்விக மொழியான கேலிக்கில் அமைந்த இந்த அடைமொழிகளை அலங்காரம் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். ரிச்சர்டும் வில்லியமும் வால்டரும் மாறி மாறி வரும் குடும்பத்தில், தாத்தா ரிச்சர்டையும் பேரன் ரிச்சர்டையும் பிரித்துக் காட்டும் ஒரே அடையாளம் பல இடங்களில் இதுவாகவே இருக்கிறது.

இரண்டாம் படி: கருவி

குடும்ப மரம் வரைவதற்குப் பணம் கட்டும் தளங்கள் பல உள்ளன. இடைக்காலக் குடும்பங்களுக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் ஒரே சொடுக்கில் தம் மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும் வசதிதான் அங்கே பெரிய ஆபத்து. நான் பயன்படுத்துவது கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள். தோற்றம் அழகாக இராது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் சான்றை இணைத்து, அந்தச் சான்று எவ்வளவு நம்பகமானது என்று தரம் குறிக்கலாம். ஜூலியன் நாட்காட்டியில் தேதி இடலாம். ஆண்டு மார்ச் 25-இல் பிறப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். கடைசி வசதி எதற்கு என்பது நான்காம் படியில் தெரியும்.

மூன்றாம் படி: மூன்று எலிசபெத்துகள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். ராபர்ட் புரூஸின் அரசியைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு, எலிசபெத் டி பர்க் கேம்பிரிட்ஜின் கிளேர் கல்லூரிக்குப் பெருங்கொடை அளித்தவர் என்றும், மூன்று முறை மணம் புரிந்தவர் என்றும், 1360-இல் இறந்தவர் என்றும் ஓர் இணையப் பக்கம் சொன்னது. இன்னொரு பக்கம் அவர் 1327-இல் இறந்ததாகக் கூறியது. வேறொன்றில் 1363. மூன்றையும் ஒரே பெண்ணின் வாழ்க்கைக்குள் அடக்க நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. இரண்டு சான்றுகளைப் பிழை என்று ஒதுக்கிவிட்டு, மூன்றாவதை ஏற்று, புரூஸின் அரசிக்கு மூன்று கணவர்களைக் கட்டிவைத்திருந்தேன்.

உண்மையில் அந்தப் பெயரில் மூன்று பெண்கள் இருந்தார்கள். முதலாமவர் செந்நிற ஏர்லின் மகள். 1302-இல் புரூஸை மணந்து, 1306-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, 1314-இல் பானக்பர்ன் போர் முடிந்த பிறகே விடுதலையாகி, 1327-இல் இறந்தவர். இரண்டாமவர் பிறப்பால் டி பர்க் குடும்பத்தவரே அல்லர். அவர் எலிசபெத் டி கிளேர், முதலாம் எட்வர்டின் பேத்தி. செந்நிற ஏர்லின் மகன் ஜானை 1308-இல் மணந்து, கணவர் இறந்த பின் மேலும் இருமுறை மணம் செய்துகொண்டும், முதல் கணவரின் குடும்பப் பெயராலேயே அறியப்பட்டவர். கிளேர் கல்லூரிக்குப் பெயர் தந்தவர் இவர். மூன்றாமவர் நாம் தொடங்கிய அல்ஸ்டர் சீமாட்டி.

இந்த முடிச்சு எனக்கு அவிழ்ந்தது, ஆங்கிலத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு உறவுமுறைகளைத் தமிழில் எழுதிப் பார்த்தபோதுதான். முதல் எலிசபெத், இரண்டாம் எலிசபெத்துக்கு நாத்தனார். இரண்டாமவர், மூன்றாமவருக்கு அப்பாவைப் பெற்ற பாட்டி. முதலாமவர், மூன்றாமவரின் தந்தைக்கு அத்தை. நாத்தனாரும் அண்ணன் மனைவியும் ஒரே ஆளாக இருக்க முடியாது அல்லவா? இப்படி எழுதிய மறு நிமிடமே நான் கட்டிவைத்த மரம் சரிந்தது.

ஆகவே பெண்களின் பெயர் வரும் இடமெல்லாம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது பிறந்த வீட்டுப் பெயரா, புகுந்த வீட்டுப் பெயரா, பட்டத்தின் பெயரா? கணவர் யார்? இறந்த ஆண்டு என்ன? மூன்றுக்கும் விடை கிடைக்கும் வரை அந்தப் பெண்ணைக் கொடிவழியில் ஏற்ற வேண்டாம்.

மூன்றாம் எலிசபெத்தைப் பற்றிய ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவருடைய வீட்டுக் கணக்கின் சில ஏடுகள், வேறொரு கையெழுத்துப் படிக்கு அட்டைப் பொதிவாகப் பயன்பட்டதால் தப்பிப் பிழைத்தன. 1357-ஆம் ஆண்டுக்குரிய அந்தக் கணக்கில், வேலைக்கு இருந்த ஓர் இளைஞனுக்குக் குட்டை மேற்சட்டையும் காலுறையும் காலணியும் வாங்கிய செலவு எழுதப்பட்டிருக்கிறது. அந்த இளைஞன் ஜெஃப்ரி சாசர். கவிஞராகப் புகழ்பெற்ற சாசரைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பதிவு இதுவே.

நான்காம் படி: மூல ஆவணங்களும் தேதிகளும்

1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் எரிந்துபோனது. எனவே அயர்லாந்தின் இடைக்கால ஆவணம் எதையும் டப்ளினில் மட்டுமே தேடினால் ஏமாற்றம்தான். இங்கிலாந்து அரசுக்கு அனுப்பப்பட்டவை லண்டனில் பிழைத்துக் கிடக்கின்றன. எரிவதற்கு முன் எடுத்த படிகளையும் சுருக்கங்களையும் ஒன்றுசேர்த்து, 2022-இல் அயர்லாந்தின் மெய்நிகர் ஆவணக் கருவூலம் இணையத்தில் திறக்கப்பட்டது. அதோடு, அயர்லாந்துச் சான்சரியின் (அரசின் கடிதங்களையும் ஆணைகளையும் எழுதி வெளியிட்ட அலுவலகம்) கடிதப் பதிவுகளை 1244 முதல் 1509 வரை மீட்டமைத்த டிரினிட்டி கல்லூரியின் 'சர்க்கிள்' தளத்தையும், கேலிக் ஆண்டுப் பதிவுகளை மொழிபெயர்ப்புடன் தரும் கார்க் பல்கலைக்கழகத்தின் 'செல்ட்' தளத்தையும் புத்தகக்குறியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் இலவசம்.

தேடும்போது ஓர் எச்சரிக்கை. தமிழில் நாம் 'பர்க்' என்று ஒரே மாதிரி எழுதுவதை ஆங்கில ஆவணங்கள் மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்களில் எழுதுகின்றன; லத்தீன் ஆவணங்களில் 'டி பர்கோ', ஐரிஷில் 'டி புர்கா', பிற்காலத்தில் 'மாக் வில்லியம்'. எல்லா வடிவங்களையும் தனித்தனியே இட்டுத் தேடாவிட்டால் பாதிதான் அகப்படும்.

ஒரு தலைமுறையை உறுதிசெய்ய மிகச் சிறந்த சான்று, நிலவுடைமையாளர் இறந்ததும் அரசு நடத்திய வாரிசு விசாரணையின் பதிவு. உள்ளூர் ஜூரிகள் சத்தியம் செய்து, இறந்தவருக்கு என்னென்ன நிலம், வாரிசு யார், வாரிசின் வயது என்ன என்று சொல்வார்கள். வில்லியம் டானின் நிலங்களுக்கு 1333-இல் எடுக்கப்பட்ட விசாரணைகள் நல்வாய்ப்பாகப் பிழைத்துள்ளன. கைக்குழந்தையான எலிசபெத்தே வாரிசு என்பதற்கு அவை கையில் உள்ள ஆதாரம்.

அத்தகைய ஆவணங்களில் தேதி 'மூன்றாம் எட்வர்டின் 7-ஆம் ஆண்டு' என்று இருக்கும். கல்வெட்டு வாசித்த பழக்கம் உள்ளவர்களுக்கு ஆட்சியாண்டுக் கணக்கு புதிதன்று. மூன்றாம் எட்வர்டின் ஆட்சி 1327 ஜனவரி 25-இல் தொடங்குவதால், 7-ஆம் ஆண்டு என்பது 1333 ஜனவரி 25 முதல் 1334 ஜனவரி 24 வரை. வில்லியம் கொல்லப்பட்ட 1333 ஜூன் 6 இதற்குள் பொருந்துகிறது. இன்னொரு வலை: அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல் மாறியதால், '1333 பிப்ரவரி' என்று ஆவணம் சொன்னால் நம் கணக்கில் அது 1334. இதைக் கவனிக்காமல் ஒரு குழந்தையைத் தாயின் திருமணத்துக்கு முன்பே பிறக்கவைத்தவன் நான்.

ஐந்தாம் படி: 1333-க்குப் பிறகு சான்றின் இயல்பே மாறுகிறது

வில்லியம் டான் இறந்தது ஒரு பங்காளிச் சண்டையின் முடிவில். தம் பங்காளியான வால்டர் லியாத்தைச் சிறைப்பிடித்து, 1332-இல் நார்த்பர்க் கோட்டையில் பட்டினியால் சாகவிட்டார் வில்லியம். மறு ஆண்டு, வால்டரின் சகோதரி மணம் புரிந்திருந்த மாண்டவில் குடும்பத்தாரின் கையால், இருபது வயதில், வில்லியம் வெட்டுண்டார். இளம் விதவை குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்துக்குச் சென்றார். சட்டப்படி எல்லா நிலமும் அந்தப் பெண் குழந்தைக்கே உரியது. நிலத்தில் உண்மையாகவே கால் ஊன்றியிருந்த ஆண் பங்காளிகளோ கொனாக்டைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, கேலிக் வழக்கப்படி 'மாக் வில்லியம்' என்று பட்டம் சூடிக்கொண்டார்கள்.

ஆகவே மேற்கே தங்கிய கிளைகளுக்கு லண்டன் ஆவணங்கள் அதிகம் உதவா. கேலிக் ஆண்டுப் பதிவுகளையே நம்ப வேண்டும். அவற்றில் கொனாக்ட், லோக் கே பதிவுகளை நான் முதலில் பார்ப்பேன். புகழ்பெற்ற 'நால்வர்' தொகுப்பு 1630-களில் எழுதப்பட்டது என்பதால் அதைக் கடைசியில்தான் திறப்பேன். இந்தப் பதிவுகளில் 'அந்நியர்' என்று வந்தால் வெளிநாட்டார் என்று பொருள்கொள்ள வேண்டாம். பல தலைமுறைகளாக அயர்லாந்திலேயே வாழ்ந்த ஆங்கில வழியினரையும் கேலிக் எழுத்தர்கள் அப்படித்தான் குறித்தார்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

செந்நிற ஏர்லின் தந்தை வால்டர் அல்ஸ்டரைப் பெற்றது, அதன் முந்தைய ஏர்லான ஹியூ டி லேசியின் மகளை மணந்ததால்தான் என்று பல இடங்களில் உள்ளதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது பழைய பிழை. வால்டரின் மனைவி ஜான் ஃபிட்ஸ்ஜெஃப்ரியின் மகள் அவெலினா. ஹியூ இறந்ததும் அல்ஸ்டர் அரசுக்குத் திரும்பி, பின்னர் இளவரசர் எட்வர்டிடமிருந்து (பின்னாளில் முதலாம் எட்வர்ட்) 1263-இல் வால்டருக்கு வேறு நிலங்களுக்கு மாற்றாகக் கிடைத்தது. லேசி உறவு ஒரு தலைமுறை மேலே இருக்கிறது: வால்டரின் தாய் எகிடியா, ஹியூவின் அண்ணன் மகள். தாயின் குடும்பம் மனைவியின் குடும்பமாக இறங்கிவிட்டது.

இன்னொருவர் தம் கொடிவழியில் இக்குடும்பம் சார்லமேன் வரை செல்வதாக எழுதியிருந்தார். அந்த ஏணியின் ஒரு படி, 1171-இல் இரண்டாம் ஹென்றியோடு வந்த வில்லியம் ஃபிட்ஸ் ஆல்டெலின் என்ற அரண்மனை அதிகாரியை நம்முடைய வில்லியம் டி பர்க்கோடு ஒன்றாக்கியதில் நிற்கிறது. இருவரும் வேறு வேறு ஆட்கள். அதை உருவிவிட்டால் மேலே உள்ள எல்லாம் விழும். நம் வில்லியம், இங்கிலாந்தின் ஜஸ்டிசியராக, அதாவது அரசருக்கு அடுத்த தலைமை அதிகாரியாக இருந்த ஹியூபர்ட் டி பர்க்கின் சகோதரர். நார்ஃபோக்கைச் சேர்ந்த எளிய நிலவுடைமைக் குடும்பம். ஹியூபர்ட் தம் கொடை ஆவணம் ஒன்றில் தாயின் பெயரை ஆலிஸ் என்று சொல்கிறார். என் கிராம்ப்ஸ் கோப்பில் உச்சிக் கட்டத்தில் ஆலிஸ் மட்டும் இருக்கிறார். பக்கத்துக் கட்டத்தை நான் காலியாகவே விட்டிருக்கிறேன்.