‘டெட்’ என்று முடிவு கட்டும் முன்

வேலூர் சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே யாராவது படியில் உட்கார்ந்திருப்பார்கள். “இன்னாண்ணா, நைட்டு நல்லாத்தான் இருந்துச்சு, காலைல ஆன் ஆவமாட்டேங்குது.” போனைக் கையில் வாங்கியதும் நான் கேட்பது, “நைட்டுலேருந்து இதுக்கு இன்னா இன்னா பண்ணீங்க?” பதில் வர கொஞ்சம் நேரமாகும். பக்கத்து வீட்டுச் சார்ஜரைப் போட்டுப் பார்த்தது, ஊக்கு விட்டுக் குடைந்தது, வாய் வைத்து ஊதியது, மச்சான் சொன்னான் என்று அரிசியில் புதைத்தது எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். முதலில் வந்த கோளாறு ஐம்பது ரூபாயோடு போயிருக்கும். வீட்டு வைத்தியம்தான் அதை மதர்போர்டு வரைக்கும் கொண்டுபோயிருக்கும்.

சுவரிலிருந்து ஆரம்பிக்கிறேன், சிரிக்காதீர்கள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தெல்லாமோ வைத்தியத்துக்கு வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். ஒரே பிளக் பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் நாலு சார்ஜர். பாக்ஸின் துவாரம் தளர்ந்துபோய், சார்ஜர் தொட்டும் தொடாமலும் தொங்கிக்கொண்டிருக்கும். ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தேன், ஏறவே இல்லை என்று பதறி ஓடி வருவார்கள். என் மேஜையில் சொருகினால் இரண்டாவது நொடியில் பேட்டரிப் படம் வந்துவிடும். உள்ளூர்க்காரர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை.

இங்கே நடக்கிற தவறு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்ப்பது. வேறு சார்ஜர், வேறு கேபிள், வேறு பாயிண்ட் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எதில் கோளாறு என்று கடைசிவரை தெரியாது. கேபிளை மட்டும் மாற்றுங்கள், பாருங்கள். அப்புறம் சார்ஜர். பெரும்பாலும் கேபிள்தான் மாட்டிக்கொள்ளும். தலைப்பகுதிக்குக் கீழே மடிகிற இடத்தில் உள்ளுக்குள் கம்பி அறுந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அதே சார்ஜரில் வீட்டில் உள்ள இன்னொரு போன் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் பைசா செலவில்லாத சோதனை. லேப்டாப்பில் சொருகிவிட்டு ஏறவில்லை என்று சொல்லாதீர்கள். அதன் பழைய வகை யு.எஸ்.பி. துவாரம் தருவது 500 மில்லி ஆம்பியர்தான். அடியோடு காலியான போனை எழுப்ப அது படாத பாடு படும். ஓப்போ, ஒன்பிளஸ் மாதிரி போன்களின் வேக சார்ஜிங், அதற்கென்று வந்த சார்ஜரிலும் கேபிளிலும்தான் முழு வேகத்தில் நடக்கும். வேறொன்றில் மெதுவாக ஏறினால் அது பழுது இல்லை.

அடுத்தது அவசரம். நான் பார்த்தவரை இதில் விழாதவர்கள் குறைவு. ஊருக்குப் போகும்போது பீரோவில் வைத்துவிட்டுப் போன பழைய போன், பையன் ஒளித்து வைத்து கேம் ஆடி அணைந்துபோன போன், இவற்றின் பேட்டரி அடிமட்டத்துக்குப் போயிருக்கும். முழுக்க ஏறிய லித்தியம் பேட்டரியில் 4.2 வோல்ட்டோ அதற்குக் கொஞ்சம் கூடவோ இருக்கும். சுமார் 3.4 வோல்ட்டுக்கு வந்ததும் போன் தானாக அணைந்துவிடும். அப்படியே கிடந்தால் 3 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். அந்த நிலையில் சார்ஜரைச் சொருகினால் போன் உடனே முழு கரண்ட்டையும் உள்ளே விடாது. விட்டால் பேட்டரிக்கு ஆபத்து. பட்டினி கிடந்தவனுக்கு முதலில் கஞ்சித் தண்ணீர் கொடுப்பதுபோல் துளித்துளியாகத்தான் ஏற்றும். அந்த நேரத்தில் ஸ்கிரீன் கறுப்பாகவே இருக்கும், படமும் வராது, லைட்டும் வராது.

நம்மவர்கள் இரண்டு நிமிடம் பார்ப்பார்கள், பிடுங்குவார்கள், திருப்பிச் சொருகுவார்கள், பவர் பட்டனை அமுக்குவார்கள். உலையில் போட்ட அரிசியை நிமிஷத்துக்கு ஒரு தரம் இறக்கி இறக்கிப் பார்த்தால் சோறு எப்போது வேகும்? நல்ல சார்ஜரில் போட்டுவிட்டு அரை மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். மாதக்கணக்கில் கிடந்த போன் என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். என்னிடம் ‘டெட்’ என்று கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர், திரும்பி வரும்போது மேஜையில் போன் இரண்டு சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது. நான் அதை ஸ்க்ரூ டிரைவரால்கூடத் தொடவில்லை. அவர் நம்பவில்லை, அது வேறு கதை.

ஸ்கிரீன் கறுப்பாக இருந்தாலே போன் செத்துவிட்டது என்று நினைப்பது இன்னொரு தவறு. வேறு போனிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். ரிங் அடித்தாலோ, அதிர்ந்தாலோ உயிர் இருக்கிறது, போனது டிஸ்ப்ளேதான். சத்தமே இல்லையென்றால் ஹேங் ஆகி உறைந்திருக்கலாம். பவர் பட்டனை மூன்று நொடி அமுக்கிவிட்டு விட்டுவிடுகிறார்கள், அது போதாது. சாம்சங்கில் பவர், வால்யூம் குறைக்கும் பட்டன் இரண்டையும் சேர்த்து 7 நொடிக்கு மேல் பிடிக்க வேண்டும். கூகுள் பிக்சலில் பவர் பட்டனை மட்டும் 30 நொடி. ஐபோன் 8 முதல் வந்தவற்றில் வால்யூம் கூட்டும் பட்டனைத் தட்டி விடுங்கள், குறைக்கும் பட்டனைத் தட்டி விடுங்கள், அப்புறம் பக்கவாட்டுப் பட்டனை ஆப்பிள் படம் வரும்வரை விடாமல் பிடியுங்கள். இப்படிச் செய்வதால் போட்டோ, நம்பர் எதுவும் அழியாது.

சரி, போனில் கேபிள் சொருகுகிற துவாரத்துக்கு, அதாவது சார்ஜிங் பின்னுக்கு வருவோம். குடியாத்தம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ஒரு மாதமாகவே கேபிளை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறுமாம், இரண்டு நாளாக அதுவும் இல்லை. வேறொரு கடையில் சார்ஜிங் போர்டை மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உள்ளே சுவர் மாதிரி ஏதோ அடைத்திருந்தது. மரத்தில் செய்த பல் குத்தும் குச்சியைச் சீவி, ஓரமாக விட்டு மெல்ல நெம்பினேன். பழுப்பு நிறத்தில், எள்ளை நசுக்கின மாதிரி ஒரு கட்டி வந்து விழுந்தது. புகையிலை வாசனை. வீட்டில் பீடி சுற்றுகிறார், மடியில் இலையும் தூளும் இருக்க, பக்கத்திலேயே போன். நாள் பட நாள் பட அந்தத் தூள், ஒவ்வொரு முறை கேபிளைச் சொருகும்போதும் உள்ளே போய் இறுகியிருக்கிறது. இன்னும் இரண்டு கட்டி எடுத்ததும் கேபிள் ‘டக்’ என்று போய் உட்கார்ந்தது. “எவ்ளோ நைனா?” என்றார். என்னவென்று சொல்வது!

அந்த ‘டக்’கைக் கவனியுங்கள். டைப் சி கேபிள் முழுதாக உள்ளே போகாமல் லேசாக வெளியே தெரிந்தால், உள்ளே குப்பை என்று பாதி முடிவுக்கு வந்துவிடலாம். எல்லாருடைய சட்டைப் பையிலும் பஞ்சு இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் வேலை செய்கிறவர்களின் போனில் தோல் தூள் வரும்.

சுத்தம் செய்கிற விதத்தில்தான் தவறு. ஊக்கு, குண்டூசி, கம்மல் திருகு எல்லாம் கொண்டு குடைகிறார்கள். டைப் சி துவாரத்தின் நடுவே நாக்கு மாதிரி மெல்லிய தகடு இருக்கிறது, மொத்தம் 24 தொடுமுனைகள் அந்தச் சின்ன இடத்துக்குள். இரும்பு பட்டால் முனை வளையும், நாக்கு முறியும், சார்ஜரோடு இருக்கும்போது குத்தினால் ஷார்ட் ஆகும். போனை அணைத்துவிட்டு, மரக் குச்சியால் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக இழுங்கள்; உள்ளே தள்ளாதீர்கள். வாயால் ஊதினால் எச்சில்தான் போகும். சானிடைசரில் தண்ணீரும் பசையும் கலந்திருக்கிறது, அதை ஊற்றாதீர்கள். பெட்ரோல் ஊற்றிக் கொண்டு வந்தவரும் உண்டு. வயர் இல்லாமல் சார்ஜ் ஏறுகிற வசதி உங்கள் போனில் இருந்தால், அந்தத் தட்டில் வைத்துப் பாருங்கள். அதில் ஏறி, கேபிளில் ஏறவில்லை என்றால் கோளாறு சார்ஜிங் பின் பக்கம்தான், பேட்டரியில் இல்லை.

தண்ணீர் பட்ட போனுக்கு நடக்கிற கொடுமை தனி. தண்ணீரில் விழுந்ததும் எடுத்துத் துடைத்து, வேலை செய்கிறதா என்று பார்க்கச் சார்ஜரைச் சொருகுவார்கள். அந்த ஒரு நிமிடம் போதும். ஈரத்தில் கரண்ட் பாய்ந்தால் செம்பு அரிக்கத் தொடங்கிவிடும். வெண்கலப் பாத்திரத்தில் பிடிக்குமே பச்சைக் களிம்பு, அதேதான் போர்டில் பூத்திருக்கும். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு வேறு அதிகம், கேட்கவே வேண்டாம். துவாரத்தில் ஈரம் இருக்கிறது என்று இப்போதைய போன்களே துளிப் படம் போட்டு எச்சரித்துச் சார்ஜை நிறுத்திவிடுகின்றன. அதைப் பழுது என்று நினைத்து வேறு சார்ஜர் தேடாதீர்கள்.

அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. அரிசி போனுக்குள் இருக்கும் தண்ணீரை உறிஞ்சாது. அதன் மாவுத்தூள் ஈரத்தில் பட்டுப் பசையாகும். அரிசித் துகள் போனைக் கெடுக்கும், அரிசியில் வைக்காதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. ஒரு போனின் இயர்போன் ஓட்டையிலிருந்து ஊறிப் பருத்த சீரகச் சம்பா ஒன்றை நான் இடுக்கியால் எடுத்திருக்கிறேன். ஆம்பூர் பிரியாணிக்குப் போக வேண்டிய அரிசி. ஹேர் டிரையரும் வேண்டாம், சூடு ஒட்டியிருக்கும் ரப்பரையும் பசையையும் இளக்கி ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். போனை அணையுங்கள், துவாரம் கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள், ஃபேன் காற்றில் வையுங்கள். முங்கி எடுத்த போன் என்றால் ஆன் செய்து பார்க்காமல் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய்த் திறந்து சுத்தம் செய்வதுதான் புத்திசாலித்தனம். நாலு நாள் காய வைத்துக் கொண்டு வந்தால் களிம்பு முந்திக்கொள்ளும்.

அப்புறம் எங்கள் ஊர் வெயில். மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைப் பற்றிச் சொல்வார்கள். அந்த மொட்டை மலை வாங்கி அனுப்புகிற அனலில் கத்திரி சமயம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. பைக் ஹேண்டிலில் மேப் ஓடிக்கொண்டு ஆற்காட்டிலிருந்து வேலூர் வரை வெயிலில் வந்த போன் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். அப்போது சார்ஜ் ஏறாது, சில சமயம் அணைந்தே போகும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது செய்கிற வேலை. நிழலில், கவரைக் கழற்றிவிட்டு இருபது நிமிடம் வைத்தால் சரியாகிவிடும். இதைத் தெரியாமல் ஃபிரிட்ஜில், அதுவும் ஃபிரீசரில் வைக்கிறார்கள். வெளியே எடுத்ததும் உள்ளுக்குள் வியர்க்கும், மறுபடியும் தண்ணீர்க் கதைதான்.

பேட்டரி உப்பியிருந்தால் மேலே சொன்ன எந்தச் சோதனையும் வேண்டாம். பின் மூடி தூக்கிக்கொண்டிருக்கிறதா, டிஸ்ப்ளே ஓரத்தில் இடைவெளி தெரிகிறதா, மேஜையில் வைத்தால் பம்பரமாகச் சுற்றுகிறதா? சார்ஜ் போடாதீர்கள், அமுக்கி மூடப் பார்க்காதீர்கள், காற்றை வெளியேற்றுகிறேன் என்று குத்தவே குத்தாதீர்கள். குத்தினால் தீதான். புத்தம் புது சாம்சங் நோட் 7 போன்களையே பேட்டரி தீப்பிடித்ததால் 2016-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள்.

கடைக்கு வந்த பிறகு செய்கிற தவறும் உண்டு, என் பிழைப்பைப் பாதித்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆன் செய்தால் கம்பெனி லோகோவிலேயே நிற்கிற போனுக்கு, “பிளாஷ் பண்ணிடலாம்”, அதாவது சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றிவிடலாம் என்றதும் தலையாட்டாதீர்கள். பிளாஷ் செய்தாலோ ரீசெட் செய்தாலோ பெரும்பாலும் எல்லாம் போய்விடும். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்து புதிய போன்கள் எல்லாமே உள்ளிருப்பதைப் பூட்டித்தான் வைக்கின்றன. மெமரி சிப்பைக் கழற்றி வேறு போனில் வைத்தால் போட்டோ வராது. குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் முக்கியமா, போன் முக்கியமா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் வேலை வேறு. போர்டு மாற்ற வேண்டும் என்றால், மாற்றும் முன் கோளாறைக் காட்டச் சொல்லுங்கள். மீட்டரில் காட்டத் தெரிந்தவன் காட்டுவான்.

போனை விட்டுவிட்டுப் போவதாக இருந்தால் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது, ஊசியைச் சிம் ஓட்டையில்தான் விடுகிறோமா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பக்கத்திலிருக்கும் மைக் ஓட்டையில் குத்திவிட்டு, “நான் பேசறது அவங்களுக்குக் கேக்கலண்ணா” என்று வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்.