அறுத்து நீட்டிய பழைய புல்லட்டைத் திரும்பப் புல்லட்டாக்குதல்

முன்சக்கரம் இரண்டு முழம் முன்னே தள்ளி நிற்க, பின் ஷாக் அப்சார்பர்கள் இருந்த இடத்தில் இரும்புக் குழாய் பற்றவைக்கப்பட்டு, ஹேண்டில்பார் ஓட்டுபவரின் முகத்துக்கு நேரே உயர்ந்திருக்கும் பழைய புல்லட் 350-ஐக் குறைந்த விலைக்கு வாங்கியவர்கள் எப்போதும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள்: முதல் வாரமே எஞ்சினைப் பிரித்துவிடுகிறார்கள். இப்படி அறுத்து நீட்டிச் ‘சாப்பர்’ ஆக மாற்றப்பட்ட வண்டியில் எஞ்சின் பெரும்பாலும் குறைவாகவே கெட்டிருக்கும். 70 மி.மீ. துளையும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட அந்த 346 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சின், 1950-களின் நடுவில் திருவொற்றியூரில் தயாரிப்புத் தொடங்கியதிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் அடிப்படை மாறாமல் வந்தது. அதற்கு உதிரி பாகமும் கிடைக்கும், கை தேர்ந்த மெக்கானிக்கும் கிடைப்பார். கெட்டது வண்டியின் எலும்புக்கூடான சட்டமும் (ஃபிரேம்) அதன் கோணமும்தான். ஆகவே வேலை சட்டத்திலிருந்து தொடங்கி வெளிப்பக்கம் வர வேண்டும்.

அதற்கும் முன்னால் காகிதம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிட வேண்டும். ஹேண்டில்பார் திரும்பும் அச்சைத் தாங்கும் சட்டத்தின் முன்முனையை, அதாவது கழுத்தை, அறுத்துச் சாய்த்தவர்கள் சில வேளைகளில் எண்ணையும் சேர்த்தே தேய்த்துவிட்டிருப்பார்கள். அப்படி எண் சிதைந்த வண்டியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது, அதை 2019-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த ‘வி.ஏ.’ எண் வரிசைப் பதிவும் மூல வடிவில் பேணப்பட்டவற்றுக்கே உரியது. சட்டம் அறுபட்ட வண்டிக்கு அந்த ஆசையைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு பகுதியின் போல்ட்டுகளையும் தனித்தனி டப்பாவில் இட்டு எழுதி ஒட்டுங்கள். பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் மரையும் மெட்ரிக் மரையும் கலந்தே இருக்கும் என்பதால், கையால் சுழற்றும்போது எளிதாக ஏறாத போல்ட்டை ஸ்பானரால் வற்புறுத்தக் கூடாது. மரை போன வார்ப்பு அலுமினியத்தைச் சீர்படுத்த லேத்துப் பட்டறையில் செலவாகும் பணத்துக்கு ஒரு பெட்டி புது போல்ட்டே வாங்கிவிடலாம்.

இனிச் சட்டம். புல்லட்டின் சட்டத்தில் எஞ்சினுக்கு அடியில் தொட்டில்போல் குழாய் ஓடுவதில்லை. கழுத்திலிருந்து இறங்கும் ஒற்றைக் குழாய் எஞ்சினின் முன்பக்கத் தகடுகளோடு முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு எஞ்சினும் கியர்பெட்டியுமே சட்டத்தின் அடிப்பாகமாக நின்று பாரத்தைத் தாங்குகின்றன. எனவே கழுத்தின் கோணத்தை மாற்ற முன்குழாயை அறுத்து நீட்டியவர், தாம் அறியாமலே எஞ்சின் இணைப்புகளின் மீதும் முறுக்கு விசையை ஏற்றிவிட்டிருப்பார். பெயின்டைச் சுரண்டிவிட்டுக் கழுத்தைச் சுற்றிக் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் டிங்கர் பட்டி பூசி வெல்டிங்கை மறைத்திருக்கிறார் என்று பொருள். விரிசல் இருக்கிறதா என்பதைச் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, துடைத்து, அதன்மேல் வெள்ளைப் பொடியைத் தெளித்துக் கண்டறியலாம். விரிசல் இருந்தால் அதிலிருந்து சாயம் கசிந்து கோடாகத் தெரியும்.

கோணத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மாற்றப்படாத, அதே காலத்துப் புல்லட் ஒன்றைத் தேடிப்பிடித்து, கழுத்தின் கீழ்க்கிண்ண நடுப்புள்ளி, கழுத்தின் மேற்கிண்ண நடுப்புள்ளி, பின்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மின் அச்சின் நடுப்புள்ளி ஆகிய மூன்றுக்கும் இடையிலுள்ள மூன்று தூரங்களையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் தெரிந்தால் கோணம் தானே கட்டுப்பட்டுவிடும். உங்கள் சட்டத்திலும் அதே மூன்றையும் அளந்தால், எவ்வளவு சாய்த்திருக்கிறார்கள் என்பது கணக்காகத் தெரியும். வண்டியை நிமிர்த்திய பின், சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம் சுமார் 1370 மி.மீ. வருகிறதா என்று சரிபார்க்கலாம்.

கழுத்து அறுபட்டிருந்தால் அதைத் தொடக்கக்காரர் தாமே பற்றவைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. சட்டத்தை அசையாமல் பிடிக்கும் ஜிக் வைத்திருக்கும் பட்டறையில், குழாயின் உள்ளே இறுகப் பொருந்தும் உள்குழாயை வைத்து நிமிர்த்தித் தரச் சொல்ல வேண்டும். அல்லது, முறையான ஆவணமுள்ள வேறு சட்டத்தை வாங்கி, பொருத்துவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையில் சட்டம் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் ஆவணமில்லாத சட்டம் எவருடைய வண்டியிலிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பிறகு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க். ஹெட்லைட்டையும் ஸ்பீடோமீட்டரையும் அம்மீட்டரையும் தாங்கி, இருபுறமும் இரண்டு சிறுவிளக்குகளோடு இருக்கும் அந்த வார்ப்புக் கூடு வெறும் அழகுக்காக அமைந்ததன்று. ஃபோர்க் குழாய்களின் மேல்முனைகள் அதில்தான் மரை ஏறி இறுகுகின்றன, ஹேண்டில்பாரும் அதன்மீதே பிடிக்கப்படுகிறது. சாப்பராக்கியவர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஓர் இரும்புப் பட்டையைத் துளையிட்டு மாட்டியிருந்தால், ஃபோர்க்கின் மேற்பிடிப்பு முழுவதும் அந்தப் பட்டையை நம்பித்தான் இருக்கிறது. குழாயை நீட்டுவதற்காக மேலே மரை ஏற்றிச் சேர்த்த துண்டுகள் இன்னும் ஆபத்தானவை, ஏனெனில் பிரேக் பிடிக்கும்போது வளைவிசை மிகும் பகுதிக்கு அருகிலேயே அந்த இணைப்பு விழுகிறது. அவற்றைச் சரிசெய்ய முயலாமல் குழாய்களையும் கூட்டையும் முழுமையாக மாற்றிவிட்டு, கழுத்தில் சுழலும் பேரிங்குகளான கோன் செட்டையும் புதிதாகப் போடுங்கள்.

பின்புறத்தில் தடித்த டயருக்காக ஸ்விங் ஆர்மை அகட்டியிருந்தால் செயின் நேர்கோட்டில் ஓடாது. முன்னும் பின்னும் 3.25-19 டயர்களுக்கே திரும்புங்கள்; பின்சக்கரத்தின் இரு பக்கங்களிலும் நூலை இழுத்து முன்சக்கரம் வரை நீட்டி, இரு நூல்களும் முன்டயரிலிருந்து சம தூரத்தில் நிற்கின்றனவா என்று பார்த்தால் சக்கரங்களின் நேர்மை தெரிந்துவிடும்.

எஞ்சினுக்கு இப்போது வரலாம். நெடுநாள் நின்ற புல்லட்டில் எண்ணெய் தன் தொட்டியிலிருந்து கிராங்க்கேஸுக்குள் கசிந்து இறங்கியிருக்கும். அதை முதலில் வடித்துவிட வேண்டும். டைமிங் மூடியைத் திறந்தால், அதனுள் எண்ணெய் வழி ஒழுகாமல் காக்கும் சிறு தக்கை வளையத்தைக் கட்டாயம் மாற்றுங்கள். சில ரூபாய் விலையுள்ள அந்தத் தக்கை இல்லாமல் மூடியை மாட்டினால் கிராங்கோடு கனெக்டிங் ராடு சேரும் பிக் எண்டுக்குப் போகும் எண்ணெய் வழியிலேயே ஒழுகிவிடும், பிறகு கிராங்கையே பிரிக்க நேரும். ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கட்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டேப்பட்டுகளைச் சரிசெய்யுங்கள். வால்வை இயக்கும் புஷ் ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

வயரிங்கில் பழையதைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். வீட்டு மின்கம்பியும் இன்சுலேஷன் டேப்பும் சேர்ந்த அந்தச் சிக்கலை முழுமையாக அறுத்தெடுத்துவிட்டு, புதிய வயரிங் செட்டை வாங்கி, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்துப் பொருத்துங்கள். எர்த் கம்பி தொடும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிடுங்கள். பெயின்ட், குரோம், சீட் எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான், அவற்றைப் பற்றிச் சொல்ல எல்லோரிடமும் கருத்து இருக்கிறது.

விளக்குக் கூடு திரும்ப வந்ததன் பயன் முதல் உதையிலேயே தெரியும். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தியபடி அம்மீட்டரைக் கவனியுங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் விலகும், திறந்ததும் நடுவுக்கு வரும். முள் நடுவுக்கு வந்து கிக்கர் கெட்டியாக நிற்கும் இடத்தில் சிலிண்டர் அழுத்தத்தை வெளியேவிடும் டிகம்ப்ரஸரைப் பிடித்துச் சற்றே தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழு வீச்சில் உதையுங்கள். வண்டி உயிர் பெற்றால், முதல் முப்பது கிலோமீட்டருக்குள் எஞ்சின் தகடுகள், ஃபோர்க், சக்கர அச்சுகள் ஆகியவற்றின் நட்டுகளை மறுபடியும் இறுக்கிப் பார்த்துவிட்டு, அதன் பின்னரே பரிசோதனைக்காக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.