எந்தப் பக்கத்தில் நிறுத்தினாய்? பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நாவல் தேர்ந்து கொடுப்பது எப்படி

சேலம் அம்மாப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்குள் ஒரு இரும்பு அலமாரி நிறைய இளையோர் நாவல்கள் இருக்கின்றன. வாரத்துக்கு 10 ரூபாய் வாடகை. ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கிற பிள்ளைகள், பிராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்த இடத்தில் அப்படியே புத்தகமும் எடுத்துப் போவார்கள். "அக்கா, ஏதாவது ஒண்ணு நல்லதா குடுங்க" என்று கேட்டு வரும் பிள்ளைக்கு எதை எப்படி எடுத்துக் கொடுப்பது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருக்கிற பெற்றோருக்கும், பள்ளியில் நூலகப் பொறுப்பு பார்க்கிற ஆசிரியர்களுக்கும் உதவும்.

"உனக்கு என்ன மாதிரி கதை பிடிக்கும்?" என்று தொடங்காதீர்கள். வகுப்பில் எல்லோரும் சொல்வதையே பிள்ளையும் சொல்லும். பாதிப் பேர் "த்ரில்லர்" என்பார்கள். "கடைசியா எந்தப் புத்தகத்தைப் பாதியில விட்டே? எந்த இடத்துல விட்டே?" என்று கேளுங்கள். இதற்குப் பொய்யான பதில் வராது. விட்ட இடம் தெரிந்தால் அடுத்த புத்தகத்தைப் பாதி தேர்ந்தெடுத்த மாதிரி.

வீணான ஜெராக்ஸ் தாள்களை நீளவாக்கில் நறுக்கி, ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு சீட்டு வைத்துக் கொடுப்பேன். புத்தகம் திரும்பி வந்ததும் சீட்டு எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். முதல் 20 பக்கத்துக்குள் நின்றிருந்தால், அநேகமாகப் பெயர்கள் அதிகம், அல்லது ஆங்கிலம் கடினம். அந்தப் பிள்ளைக்கு அடுத்து, ஒரே ஆள் "நான்" என்று சொல்லிப் போகிற கதையாகக் கொடுக்க வேண்டும். நூறாவது பக்கத்தை ஒட்டி நின்றிருந்தால் மொழி ஒரு பிரச்சினையே இல்லை, கதைதான் நகரவில்லை. ஏதாவது ஒரு புதிர் இழுத்துக்கொண்டு போகிற புத்தகம் வேண்டும். முடிய இன்னும் 20, 30 பக்கமே இருக்கும்போது நிறுத்தியிருந்தால் கவனமாக இருங்கள். அங்கே ஏதோ மனசைத் தொட்டிருக்கிறது, அல்லது வலித்திருக்கிறது. "ஏன் முடிக்கல?" என்று துருவாமல் அடுத்ததைக் கொடுங்கள். சொல்ல வேண்டும் என்றிருந்தால் பிள்ளையே ஒருநாள் சொல்லும்.

பாடப்புத்தகம் தவிர எதையுமே படித்ததில்லை என்றால் கடைசியாக முழுசாகப் பார்த்த படம், அனிமே, கொரிய டிராமா எதுவென்று கேளுங்கள். ராத்திரி போர்வைக்குள் போனில் பிரதிலிபி என்ற கதைச் செயலியில் தொடர்கதை படிக்கிற பெண்பிள்ளைகள் எங்கள் பகுதியில் நிறைய. அவர்கள் ஏற்கெனவே வாசகர்கள். அதை மட்டமாகப் பேசிவிட்டால் அப்புறம் உங்களிடம் வாயே திறக்க மாட்டார்கள். இன்னொன்று, அம்மா பக்கத்தில் நிற்கும்போது இதையெல்லாம் கேட்கக்கூடாது. அம்மா உழவர் சந்தைக்குள் காய் வாங்கப் போகட்டும், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

கொலையும் துப்பும்

நகராத கதையை விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு நான் முதலில் எடுப்பது ஹாலி ஜாக்சன் எழுதி 2019இல் வந்த 'எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்'. பிப் என்ற பெண், தன் ஊரில் ஐந்து வருஷத்துக்கு முன் நடந்த ஒரு கொலையைப் பள்ளி பிராஜெக்ட்டாக எடுத்துக்கொள்கிறாள். கொன்றவன் சால் சிங் என்று ஊரே முடிவு கட்டியாயிற்று. அவனும் உயிரோடு இல்லை. பிப் மட்டும் நம்பவில்லை. என் கடைக்கு வருகிற பிள்ளைகளுக்கு பிராஜெக்ட் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும் என்பதால் இதைச் சொன்னதுமே கை நீளும். உள்ளே பேட்டிப் பதிவுகள், குறிப்புகள் என்று பக்கங்கள் மாறி மாறி வருவதால் நீளமான ஆங்கிலப் பத்தியைக் கண்டு பயப்படுகிறவர்களும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அடுத்து இரண்டு பாகம் உண்டு. மூன்றாவது பாகம் இருட்டு அதிகம். 13 வயதுக்குக் கொடுப்பதற்கு முன் பெரியவர்கள் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இதை முடித்தவர்களுக்கு கேரன் மெக்மேனஸின் 'ஒன் ஆஃப் அஸ் இஸ் லையிங்' (2017). தண்டனை வகுப்புக்குள் ஐந்து பேர் போகிறார்கள், உயிரோடு வெளியே வருவது நான்கு பேர். அதற்கு மேல் நான் எதுவும் சொல்வதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

எந்தப் புத்தகத்தையும் இப்படி இரண்டே வாக்கியத்தில் சொல்லிப் பழகுங்கள். ஆரம்பத்தில் என்ன சிக்கல் என்பது போதும். "இதுல நல்ல கருத்து இருக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பிள்ளை புத்தகத்தைக் கீழே வைத்துவிடும். கருத்து உள்ளே இருந்தால் அது தானாக வந்து சேரும்.

நேரமே இல்லாத பிள்ளைகளுக்கு

பத்தாவது, பன்னிரண்டாவது பொதுத்தேர்வு வருஷத்தில் 400 பக்கம் கொடுத்தால் அது பையிலேயே கிடந்து பழசாகும். இவர்களுக்குக் கவிதை வடிவ நாவல்தான் சரி. பக்கத்துக்குக் கொஞ்சம் வரிகளே இருக்கும், மீதி வெள்ளை. ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்' (2017) இந்த வகையில் நான் மிகவும் மதிக்கிற புத்தகம். அண்ணனைச் சுட்டவனைச் சுட வேண்டும் என்று 15 வயதுப் பையன் துப்பாக்கியோடு லிஃப்ட்டில் இறங்குகிறான். லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்கிறது, ஒருவர் ஏறுகிறார். ஏறுகிற எல்லோரும் ஏற்கெனவே செத்துப்போனவர்கள். ஒரு நிமிடச் சொச்சத்தில் நடந்து முடிகிற கதைதான் மொத்த நாவலும்.

எங்கள் தெருவில் வீட்டிலேயே தறி போட்டிருக்கிற குடும்பத்துப் பையன் ஒருவன். பள்ளி விட்டு வந்தால் அப்பாவுக்கு ஒத்தாசை செய்ய வேண்டும். தறி நின்ற பிறகுதான் புத்தகம். பெரிய பிராஜெக்ட் ஒன்று மெஷினில் ஓடிக்கொண்டிருந்தபோது இதை அவன் கையில் கொடுத்து, "முதல் பக்கம் மட்டும் பாரு" என்றேன். நின்றபடியே படித்தான். தாள் தீர்ந்து மெஷின் நின்றது, நான் கட்டைப் பிரித்துப் போட்டேன், மறுபடி ஓடியது, ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டு முடித்தேன். அவன் நிமிரவில்லை. அப்புறம் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிராஜெக்ட்டைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டு, புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுடைய தங்கைதான் வந்து பிராஜெக்ட்டை வாங்கிப் போனாள்.

அதனால் கடைக்காரரோ ஆசிரியரோ, பிள்ளை முதல் பக்கத்தை உங்கள் முன்னாலேயே படிக்க வசதி செய்து கொடுங்கள். ஆங்கிலம் ஒத்துவருமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஒரே பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தெரியவில்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம். ஆள் பெயர், ஊர்ப் பெயரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஆங்கிலத்துக்குப் பயப்படுகிற பிள்ளைக்கு இன்னொரு நல்ல வழி பத்மா வெங்கட்ராமன். 'எ டைம் டு டான்ஸ்' (2014) சென்னையில் நடக்கிற கதை. பரதநாட்டியம் ஆடுகிற வேதா விபத்தில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழக்கிறாள், பொய்க்கால் கட்டிக்கொண்டு மறுபடி ஆடக் கற்கிறாள். இதுவும் கவிதை வடிவம்தான். வீட்டில் பாட்டி இருப்பதும், சலங்கையும், கோயிலும் நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதே இல்லாதவை என்பதால் ஆங்கிலம் பாதிப் பாரம் குறைந்துவிடுகிறது. வயது குறைந்தவர்களுக்கு அவருடைய 'தி பிரிட்ஜ் ஹோம்' (2019) கொடுக்கலாம். வீட்டை விட்டு ஓடிவரும் அக்கா தங்கை, சென்னையில் ஒரு பழைய பாலத்தின் மேல் இரண்டு பையன்களோடு சேர்ந்து வாழ்கிற கதை. படித்தால் அழுகை வரும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன்.

தடிப் புத்தகத்துக்கு ஒரு காலம்

மாயமும் மந்திரமும் நிறைந்த கதைகள் பெரும்பாலும் கனமாக இருக்கும். அவற்றைக் கோடை விடுமுறைக்கு என்று ஒதுக்கி வையுங்கள். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபித் தோட்டத்தில் தாத்தா வீடு இருக்கிற ஒரு பெண், மே மாசம் முழுக்க அங்கேதான் இருப்பாள். அங்கே போனில் சிக்னல் கிடைக்காது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறவளுக்கு டோமி அடியெமியின் 'சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்' (2018) கொடுத்து அனுப்பினேன். ஆப்பிரிக்காவின் யோருபா மரபிலிருந்து பிறந்த உலகம், 500 பக்கத்துக்கு மேல், மூன்று பேர் மாறி மாறிச் சொல்கிற கதை. பெயர்கள் குழப்பும் என்பதால் யார் யாருக்கு என்ன உறவு என்று சீட்டிலேயே எழுதிக்கொடுத்தேன். இந்த ஒரு சின்ன வேலை நிறையப் பிள்ளைகளை முதல் 50 பக்கம் தாண்ட வைத்திருக்கிறது.

அறிவியல் புனைகதை கேட்டால் நீல் ஷஸ்டர்மனின் 'சைத்' (2016). நோயும் முதுமையும் ஒழிந்துவிட்ட உலகம், யாருக்கும் சாவு இல்லை. மக்கள்தொகையைக் கட்டுக்குள் வைப்பதற்காகக் கொல்கிற பொறுப்பைச் சிலரிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த வேலையைப் பழக, விருப்பமே இல்லாத இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆட்சியை நடத்துவது ஒரு செயற்கை நுண்ணறிவு. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் பையன்கள் இதைப் பற்றிக் கடை வாசலில் நின்று சண்டை போட்டுக்கொள்வதைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

காதல் கதை, கனமான கதை

காதல் கதை கேட்கிற பிள்ளையை ஒரு மாதிரி பார்க்காதீர்கள். 15 வயதில் அந்தக் கேள்விகள் வரும்; ஒரு நல்ல நாவல் பக்கத்தில் இருப்பது பாதுகாப்புதான். ஜென்னி ஹானின் 'டு ஆல் த பாய்ஸ் ஐவ் லவ்ட் பிஃபோர்' (2014) எந்த வீட்டுக்குள்ளும் தைரியமாகப் போகலாம். அனுப்புவதற்காக எழுதாத கடிதங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பது கதை. 17 வயதுக்கு மேல் என்றால் ரெபெக்கா ராஸின் 'டிவைன் ரைவல்ஸ்' (2023). ஒரே பத்திரிகை அலுவலகத்தில் போட்டியாக இருக்கும் இருவருக்கு நடுவே மாயத் தட்டச்சு இயந்திரம் வழியாகக் கடிதங்கள் போய்வருகின்றன. வெளியே கடவுள்களின் போர்.

சபா தாஹிரின் 'ஆல் மை ரேஜ்' (2022) அமெரிக்காவில் நேஷனல் புக் அவார்ட் வாங்கியது. பாகிஸ்தானிலிருந்து குடிபெயர்ந்த குடும்பம், அவர்கள் நடத்தும் விடுதி, குடிக்கு அடிமையான அப்பா. குடியால் உடைந்த வீடுகளை நம் ஊரிலும் பார்க்கிறோம். இதை நான் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. கொடுப்பதற்கு முன், "இதுல அடி, குடி, போதை எல்லாம் வரும். கஷ்டமா இருந்தா நிறுத்திடு, ஒண்ணும் தப்பில்லை" என்று சொல்லிவிடுவேன். பெற்றோர் கேட்டால் அவர்களிடமும் இதையே மறைக்காமல் சொல்லுங்கள். இந்த மாதிரிப் புத்தகத்தை நீங்கள் படிக்காமல் கை மாற்றக்கூடாது.

தமிழில் என்ன கொடுப்பது

13, 14 வயது வரை கவலை இல்லை. கீழடியை மையமாக வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை'க்கு 2023இல் பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் அதே விருது வாங்கியது. பேசுகிற மரப்பாச்சி பொம்மை வழியாக, தவறான தொடுதலைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுகிற நாவல் அது. பெண் குழந்தை, ஆண் குழந்தை என்று பார்க்காமல் இருவருக்கும் கொடுங்கள்.

16, 17க்கு வந்தால் தமிழ் அலமாரி சட்டென்று காலியாகிவிடுகிறது. அந்த வயதுக்கென்றே எழுதுகிறவர்கள் நம்மிடம் இன்னும் நிறையப் பேர் வர வேண்டும் என்பது என் உண்மையான ஆசை. இப்போதைக்கு நான் செய்வது, அந்த வயதுப் பிள்ளைகளே நாயகர்களாக வரும் பெரியவர்கள் நாவலைக் கொடுப்பது. பூமணியின் 'வெக்கை' அப்படி ஒன்று. 'அசுரன்' படம் பார்த்த பையன்களிடம் "அதுக்கு மூலம் இதுதான்" என்றால் போதும். பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் கூளையனைப் பற்றி பெருமாள்முருகன் எழுதிய 'கூளமாதாரி' இன்னொன்று. அதில் வரும் பேச்சு நம் பக்கத்துப் பேச்சு. ஊரிலிருந்து பஸ் ஏறி டவுனுக்குப் படிக்க வரும் பிள்ளைகள், தங்கள் பாட்டி பேசுவது அச்சில் இருக்கிறது என்று காட்டுவார்கள். முடிவு மனசை உலுக்கும், ஆகவே 16க்குக் கீழே வேண்டாம்.

புத்தகம் திரும்பி வந்த பிறகு "புரிஞ்சுதா?" என்று கேட்டால் பரீட்சை மாதிரி ஆகிவிடும். "யார் மேல கோபம் வந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பேசாத பிள்ளையும் பேசும். அந்தப் பதிலிலிருந்தே அடுத்த புத்தகம் கிடைக்கும். அப்பா மேல் கோபம் வந்தது என்கிற பிள்ளைக்கும், போலீஸ் மேல் கோபம் வந்தது என்கிற பிள்ளைக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுக்க முடியாது. யார் எதை எடுத்தார்கள், எந்தப் பக்கத்தில் நிறுத்தினார்கள், என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக அலமாரி தொடங்குகிறவர்கள் நாலு புத்தகத்தோடு தொடங்கினால் போதும்: பிப் கதை, 'லாங் வே டவுன்', 'எ டைம் டு டான்ஸ்', 'ஆதனின் பொம்மை'. எப்போதும் இரண்டு புத்தகத்தை நீட்டுங்கள், ஒன்று மெலிது, ஒன்று கனமானது. எடுப்பது பிள்ளையின் இஷ்டம். நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கிற திருட்டுப் பதிப்பு மட்டும் வேண்டாம். எழுதியவருக்கு ஒரு பைசா போகாது. பசை விட்டுத் தாள் உதிரும், சிலதில் பக்கங்களே இருக்காது. பழைய புத்தகக் கடையில் வாங்கினாலும் அங்கேயே நின்று கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கொலைகாரன் யார் என்று சொல்கிற பக்கம் இல்லாத புத்தகத்தை ஒரு பிள்ளை கையில் கொடுத்தால், அந்தப் பிள்ளை மறுபடி உங்களிடம் புத்தகம் கேட்டு வராது.