மின்வெட்டுக்குப் பிறகும் வீட்டுக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க: என் அனுபவம்

வெளியூரிலிருந்து மேசைக் கணினியை இயக்க நெட்வொர்க் வழியாக ஒரு செய்தி அனுப்பிக் கணினியை எழுப்பும் வேக்-ஆன்-லேன் வசதியையே நம்பியிருந்தேன். நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை (அந்தக் கார்டுக்குரிய அடையாள எண்) 16 முறை சுமந்து செல்லும் 102 பைட் செய்தி அது. மின்வெட்டு வந்து போனாலோ, ஒருமுறை கையால் இயக்கும்வரை என் கணினி அதற்கு அசையாது.

ஆகவே ராஸ்பெரி பை ஜீரோ டபிள்யூ என்ற சிறு கணினி ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன். அதற்குப் பவர் பொத்தானே கிடையாது. மின்சாரம் வந்ததும் தானே விழித்துக்கொள்ளும். அதன் ஜிபிஐஓ 17 என்ற சமிக்ஞை முனையிலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக, ஒளியால் இயங்கும் சுவிட்ச் போன்ற பிசி817 ஆப்டோகப்ளர்; அதன் மறுபக்கம் மதர்போர்டின் பவர் சுவிட்ச் ஊசிகளில், அதன் கலெக்டர் என்ற கால் நேர்முனையில். ரிலே என்ற மின்காந்த சுவிட்சும் போதும்தான். ஆனால் இரு சுற்றுகளும் தொடாமல் ஒளியால் மட்டும் பேசிக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. 17-க்குக் காரணம் உண்டு: பை தொடங்கும்போது 0 முதல் 8 வரையிலான முனைகள் உயர்நிலைக்கு இழுக்கப்படும், 17 தாழ்நிலையில் இருக்கும், எனவே கணினி தானாக இயங்கிவிடாது.

பவர் பொத்தானை அழுத்துவதுபோல பை அரை நொடி சமிக்ஞை தந்தால் போதும். நான்கு நொடிக்கு மேல் நீண்டால், ஓடிக்கொண்டிருக்கும் கணினி சட்டென அணைந்துவிடும்.

ரூட்டரில் இதற்கென போர்ட் திறந்து வைக்காதீர்கள். நான் வயர்கார்ட் என்ற விபிஎன் (மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) வழியாக மட்டுமே பையை அணுகுகிறேன்.