அகலமான டயர் உரசாமல் பொருத்துவது எப்படி? டொயோட்டா 86-ஐ வைத்து ஒரு செய்முறை

ஸ்போர்ட்ஸ் காருக்கு அகலமான டயர் போட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் டயரை வாங்கிவிடுகிறார்கள். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைப் பக்கம் நல்ல விலைக்கு ஒரு செட் கண்ணில் பட்டால் யாருக்குத்தான் கை நிற்கும்? மாட்டிய பிறகு, மாடிக் கார் பார்க்கின் வளைவுச் சரிவில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது கரகரவென்று சத்தம் வரும். அகலம் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. ரிம்மின் ஆஃப்செட்டைப் பார்க்காமல் வாங்கியதுதான் பெரும்பாலும் காரணம். அதனால் காசு கொடுப்பதற்கு முன்னால் கணக்கு.

முதல் படி: கணக்கு

86 கம்பனியிலிருந்து வரும்போது பெரும்பாலும் 215/45R17 டயர் (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 வீதம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம்), 7 அங்குல அகல ரிம், ஆஃப்செட் +48. ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று போட்டால், ஹப்பில் (சக்கரத்தை நட் போட்டுப் பூட்டும் மையப் பகுதி) போய் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் இருக்கிறது என்பதுதான் இந்த +48. இந்த எண் குறையக் குறையச் சக்கரம் மட்கார்டை நோக்கி வெளியே வரும்.

இப்போது 245/40R17 டயரை 8 அங்குல, +35 ரிம்மில் போடப் போகிறீர்கள் என்று வையுங்கள். அகலத்தில் 30 மி.மீ. கூடுகிறது. அதில் பாதி, 15, உள்ளே போகும். மீதி 15 வெளியே வரும். ஆஃப்செட் 13 குறைவதால் முழுச் சக்கரமும் 13 மி.மீ. வெளியே தள்ளப்படுகிறது. ஆக வெளிப்பக்கம் 28 மி.மீ. கூடுதல், உள்பக்கம் 2 மி.மீ. மட்டும். அதே டயரை 8 அங்குல +48 ரிம்மில் போட்டால் இரண்டு பக்கமும் 15, 15. டயர் ஒன்றுதான், உரசும் இடம் வேறு.

உயரத்தையும் பாருங்கள். 215/45R17 டயரின் விட்டம் ஏறத்தாழ 625 மி.மீ.; 245/40R17 ஏறத்தாழ 628. பெரிய மாற்றம் இல்லை. 225/45R17 போட்டால் 634 ஆகிவிடும். அகலம் குறைவான டயர்தானே என்று நினைப்போம், ஆனால் உயரத்தால் அது லைனரை (மட்கார்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை) நெருங்கும். ஸ்பீடோமீட்டரும் முன்பை விட ஒன்றரை வீதம் அளவுக்குக் குறைத்துக் காட்டத் தொடங்கும்.

இன்னொன்று, 245/40 டயருக்குக் குறைந்தது 8 அங்குல ரிம் வேண்டும். பழைய 7 அங்குல ரிம்மிலேயே இழுத்து மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேறு கடை பாருங்கள்.

இரண்டாம் படி: இருக்கும் இடைவெளியை அளப்பது

சமதரையில் காரை நிறுத்தி, இப்போதைய டயருக்கும் ஷாக்குக்கும் (ஷாக் அப்சோர்பர்) நடுவில் மிக நெருக்கமான இடத்தை அளந்து பாருங்கள். புதிய டயர் வந்த பிறகும் அங்கே 5 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும். வெளிப்பக்கம், மட்கார்டின் விளிம்பிலிருந்து ஒரு நூல்குண்டைத் தொங்கவிட்டால் டயர் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரே அளவு அச்சிட்ட டயர்கள் கம்பனிக்குக் கம்பனி சில மி.மீ. கூடிக் குறையும் என்பதால் கணக்கை ஓரத்துக்கு ஓரம் போடாதீர்கள்.

மூன்றாம் படி: உரசும் இடத்தைக் கண்டுபிடிப்பது

ஏற்கனவே மாட்டிவிட்டவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். சக்கரத்தைச் சுற்றி உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் டோர்ச் அடித்துப் பாருங்கள். உரசிய இடம் மினுமினுப்பாக இருக்கும். தெளிவாக இல்லையா? மட்கார்டின் உள்விளிம்பிலும் லைனரிலும் பிளாஸ்டிசின் உருண்டைகளை ஒட்டிவிட்டு, ஒரு முன்சக்கரத்தை 10 செ.மீ. உயர அகலப் பலகை அடுக்கின் மேல் மெதுவாக ஏற்றுங்கள். அந்தச் சக்கரமும் எதிர்மூலைப் பின்சக்கரமும் மேலே அமுங்கும். இப்போது ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடியுங்கள். எந்த உருண்டை நசுங்கியதோ அங்கேதான் வேலை. பலகையில் கார் நிற்கும்போது அடியில் தலையை விடவே கூடாது. டிக்கியில் கனம் ஏற்றியும் ஒருமுறை பாருங்கள். தனியாக ஓட்டும்போது உரசாத கார், நான்கு பேரோடு கொட்டாஞ்சேனைக் குறுக்குத் தெருவில் வேகத்தடை ஏறும்போது உரசும்.

நான்காம் படி: சரிசெய்வது

மலிவானதிலிருந்து தொடங்குங்கள். முன்பக்க உரசல்களில் நிறைய, லைனரோடும் பஃபர் வந்து மட்கார்டில் சேரும் மூலையோடும் முடிந்துவிடும். லைனரை ஹீட் கன்னால் இளக்கிப் பின்னே தள்ளலாம், அல்லது ஸிப் டை போட்டு இழுத்துக் கட்டலாம். வெட்டி எறிவது எனக்குப் பிடிக்காது. கொழும்பு மழையில் சேறும் தண்ணீரும் வயரிங் பக்கம் போவதைத் தடுப்பது அந்த லைனர்தான்.

அடுத்தது கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு. முன்சக்கரத்தின் மேல்பகுதியை ஒன்றரை முதல் இரண்டு பாகை வரை உள்ளே சாய்த்தால் மட்கார்ட் பக்கம் இடம் கிடைக்கும். ஆனால் ஷாக்கின் அடியில் போடும் கேம்பர் போல்ட், டயரை ஷாக்கை நோக்கிச் சாய்க்கும். உள்ளே இடம் இல்லாதவர்களுக்கு ஷாக்கையே மேலே சாய்க்கும் கேம்பர் பிளேட்தான் சரி. 86-இன் பின்பக்கம் கேம்பரை மாற்றக் கம்பனி வழி வைக்கவில்லை, அதற்குத் தனி சஸ்பென்ஷன் ஆர்ம் வாங்க வேண்டும்.

உள்பக்கம் உரசினால் ஸ்பேசர், அதாவது ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் உலோகத் தட்டு. ஹப்பில் இறுக்கமாக உட்காரும் வகையை மட்டும் வாங்குங்கள் (86-க்கு 56.1 மி.மீ. துளை). மாட்டிய பிறகு சக்கர நட் ஒவ்வொன்றும் பத்துச் சுற்றாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் நீளமான ஸ்டட் போடாமல் வண்டியை எடுக்காதீர்கள். இதில் சமாளிப்பே கிடையாது.

மட்கார்டின் உள்விளிம்பை மடிப்பது கடைசி. நல்ல டிங்கரிங் பாஸ் ஒருவரிடம் கொடுங்கள். பெயின்டை நன்றாகச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக மடிக்க வேண்டும். பச்சையாக மடித்தால் பெயின்ட் வெடிக்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாதிரிக் கடற்கரைப் பக்கம் நிறுத்துகிற காரென்றால் அந்த வெடிப்பில் உப்புக்காற்று புகுந்து துருவைத் தொடங்கிவிடும். மடித்த விளிம்புக்கு அன்றைக்கே துருத்தடுப்புப் பூச்சு அடித்துவிடச் சொல்லுங்கள்.

கேம்பரைத் தொட்டால் டோவும் (சக்கரங்களின் முன்புறம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும், ஆகவே வீல் அலைன்மென்ட் கட்டாயம். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்களை டோர்க் ரென்ச்சால் மறுபடி இறுக்கிவிட்டு, அதே டோர்ச்சோடு லைனரை ஒரு சுற்றுப் பாருங்கள்.