செஃபலூவுக்குப் போவதென்றால் செப்டம்பரில் போங்கள்

மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு வாரம் தங்க ஊர் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இத்தாலியின் சிசிலித் தீவின் வடகரையில் உள்ள செஃபலூ. பலெர்மோவிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து பழைய ஊருக்கு நடந்தே போகலாம், கார் தேவையில்லை.

ஆகஸ்டைத் தவிருங்கள். 15ஆம் தேதி இத்தாலி முழுக்க விடுமுறை, கடற்கரையில் துண்டு விரிக்க இடம் கிடைக்காது, அறை வாடகையும் எகிறும். செப்டம்பர் பாதிக்கு மேல் கூட்டம் வடிந்துவிடும். கோடை முழுக்கச் சூடேறிய கடலோ அப்போதும் குளிக்க இதமாகவே இருக்கும்.

ஊருக்குப் பின்னால் நிற்கும் லா ரோக்கா பாறையில் காலையிலேயே ஏறிவிடுங்கள். சுமார் 270 மீட்டர் உயரம், நிழல் குறைவு, தண்ணீர் அவசியம். இறங்கியதும் இரண்டாம் ரோஜர் மன்னர் 1131இல் கட்டத் தொடங்கிய தேவாலயம். உள்ளே பீடத்துக்கு மேலே, தங்கப் பின்னணியில் பதித்த கிறிஸ்துவின் பெரிய மொசைக் உருவத்தை நிதானமாகப் பாருங்கள். மதியம் பல கடைகள் சில மணி நேரம் மூடியிருக்கும், வேண்டியதை முன்பே வாங்கிவிடுங்கள்.

சைவக்காரர்களுக்கு கப்போனாட்டா இருக்கிறது: பொரித்த கத்தரிக்காய், தக்காளி, ஆலிவ் சேர்ந்து புளிப்பும் இனிப்புமாக. சில இடங்களில் மீனும் சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கேயே குடியேறும் ஆசை வந்தால், வீடு வாங்கும் முன் ஜனவரியில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். கல் வீடுகளின் ஈரக் குளிரும் பூட்டிக் கிடக்கும் உணவகங்களும் அப்போதுதான் தெரியும்.